ரெண்டரை அடி கடல்!

நாய் வேண்டுமா? ராஜபாளையம் வாங்க. பால்கோவா வேண்டுமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குங்க. சப்பட்டை மாம்பழம், நூல் மில், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, மேற்கே திரும்பினால் மலை, மலையில் சாம்பல் நிற அணில்... சகலமும் இந்தச் சுத்துவட்டாரத்தில் உண்டு. இல்லாத ஒரே அயிட்டம், கடல்!

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. சங்கரன்கோவில், கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று ஊர் ஊராகத் தாண்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் தூத்துக்குடியில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அப்படிப்பட்ட ஊரில், பவளத்திட்டில் வாழ்கிற மீன் ஒன்றை வீட்டு ஹாலில் வளர்க்க முடியுமா?

கேள்வியைக் கிளப்பியது நான் அல்ல. எங்கள் ஹாஸ்டல் மூணாவது மாடி! ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று இடுப்பை ஆட்டி ஆட்டி நீந்துவதை ரீல்ஸில் பார்த்திருக்கிறார்கள். "மச்சான், நம்ம ரூம்ல நீமோ வளர்க்கலாம்டா" என்று ஒருத்தன் ஆரம்பிக்க, ராத்திரியோடு ராத்திரியாக வசூலும் தொடங்கிவிட்டது. "நீதான் பத்திரிகைல இன்டர்ன் ஆச்சே... போய் விசாரிச்சுட்டு வா" என்று என்னைக் கிளப்பிவிட்டார்கள்.

மக்களே, ஒரு விஷயம். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் கதையே, பவளத்திட்டில் இருந்து பிடித்துப் போய்க் கண்ணாடித் தொட்டியில் போட்ட குட்டி மீனை அப்பா மீன் தேடிப் போவதுதான். படம் பார்த்துவிட்டு, 'எனக்கும் ஒண்ணு தொட்டியில வேணும்' என்று கேட்கிற ஒரே ஜீவன் மனுஷன்தான்!

சரி, விசாரணைக்குப் போவோம்.

முதல் ஸ்டாப், ஸ்ரீவில்லிபுத்தூர். தமிழக அரசின் முத்திரையில் இருக்கிறதே, அந்தக் கோபுரம் இங்கேதான். 192 அடி. பஸ்ஸில் வரும்போதே தலையை நீட்டிக் கூப்பிடும். ரத வீதிப் பக்கம் பால்கோவா வாசனையைக் கஷ்டப்பட்டுத் தாண்டி, ஒரு வாஸ்து மீன் கடையைப் பிடித்தேன். கண்ணாடித் தொட்டிகளில் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ். தனித்தனி பாட்டில்களில் முறைத்துக்கொண்டு ஃபைட்டர் மீன்கள்.

"உப்புத்தண்ணி மீனா?" கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இங்க இருக்கறதெல்லாம் சென்னை கொளத்தூர்ல இருந்து வர்ற நல்ல தண்ணி மீனு. செத்தாலும் அம்பது ரூவாயோட போச்சு. கடல் மீனுக்கு நீங்க கடலைல்ல விலைக்கு வாங்கணும்?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "ராஜபாளையத்துல ஒருத்தர் வச்சிருக்காரு. மில் எலெக்ட்ரீஷியன். அவர்ட்ட போய்ப் பேசுங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, பாத்துக்கோங்க!"

பன்னிரண்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அடுத்த ஸ்டாப்பில் இருக்கிறது கடல்!

'உப்பு போட்டா கடல் ஆயிடுமா?'

"பேரு கீரெல்லாம் போடாதீங்க தம்பி. அப்புறம் ஊரே வேடிக்கை பாக்க வந்துரும்" என்ற கண்டிஷனோடு கதவைத் திறந்தார் அண்ணாச்சி. ஹாலில், சாமி படத்துக்குக் கீழே, ரெண்டரை அடி நீளத்துக்கு ஒரு தொட்டி. நீல வெளிச்சம். உள்ளே 120 லிட்டர் தண்ணீர். பூந்தொட்டியின் உடைந்த பாதி ஒன்று கவிழ்த்துக் கிடக்க, அதன் வாசலில் ஆரஞ்சு கலரில் ஒற்றை மீன். என் விரல் நீளம்கூட இல்லை. நான் கிட்டே போனதும் கண்ணாடி வரைக்கும் வந்து முறைத்தது பாருங்க... வீட்டுக்காரரே அதுதான் போல!

கோமாளி மீன் என்பது தமிழ்ப் பெயர். கிளவுன் ஃபிஷ். இதில் ஏறக்குறைய முப்பது வகை உண்டு. ஆரஞ்சு நீமோ நம் அந்தமான் கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் இருக்கிற 'செபே' என்ற வகைக்கு கரும்பழுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். கடல் சாமந்தி என்று சொல்கிற, கொட்டும் தன்மை உள்ள உயிரினத்தின் விரல்களுக்கு நடுவில்தான் இவை குடித்தனம் நடத்தும். மற்ற மீன்களைக் கொட்டுகிற சாமந்தி, இதை ஒன்றும் செய்யாது. மீனின் மேல் இருக்கும் வழவழப்புப் பூச்சுதான் கவசம்.

"சாமந்தி எங்க அண்ணாச்சி?"

"அது இல்லாமயும் இது நல்லா இருக்கும் தம்பி. சாமந்தியை வளர்க்கறது மீன வளர்க்கறதவிட பெரிய பாடு. கடல்ல எதிரி இருக்கு, அதனால சாமந்தி வேணும். இங்க யாரு எதிரி? எங்க வீட்டுப் பல்லியா? இந்த மண்சட்டியவே வீடுன்னு நினைச்சுட்டு அது பாட்டுக்கு இருக்கு."

நம் மூணாவது மாடியின் பிளான் ரொம்ப சிம்பிள். குழாய்த் தண்ணீர், அதில் ரெண்டு பாக்கெட் கல் உப்பு, மேலே மீன். சொன்னதும் அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து மதினியே எட்டிப் பார்த்தார்.

"தூத்துக்குடில உப்பளம் பாத்திருக்கீங்களா? கடல் தண்ணியைப் பாத்தி கட்டிக் காய வச்சு, உப்பு படிஞ்சதும் மிச்சத் தண்ணியை வெளிய விட்டுருவாங்க. அந்த மிச்சத் தண்ணி நாக்குல வச்சா கசக்கும். ஏன்? மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அதோட போயிருச்சு. உங்க கைக்கு வர்றது வெறும் சோடியம் குளோரைடு. அதைத் திருப்பித் தண்ணில கரைச்சா அது கடல் இல்ல தம்பி, ஊறுகாய்!"

கெமிஸ்ட்ரி லேபில் ரெண்டு செமஸ்டர் உட்கார்ந்தும் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. சோடியமும் குளோரைடும்தான் பெரும்பங்கு. ஆனால், மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் அதனதன் அளவில் சேர்ந்தால்தான் கடல். அதற்கென்றே செயற்கைக் கடலுப்பு விற்கிறது. ஆரம்பத்தில் பஸ்ஸில் கேன் கேனாகத் தூத்துக்குடித் தண்ணீரைத் தூக்கி வந்த அண்ணாச்சி, இப்போது அந்த உப்புக்கு மாறிவிட்டார். 120 லிட்டருக்கு 4 கிலோ 200 கிராம். ஒரு பழைய பைக் விலை இந்தத் தொட்டிக்குள் போயிருக்கிறதாம். மதினி அந்தக் கணக்கை மட்டும் மறக்கவில்லை!

தண்ணீர் தயார், மீனைப் போடலாமா? ம்ஹூம். மீனின் கழிவில் வருவது அம்மோனியா, விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட் ஆக்கினால்தான் மீன் தாங்கும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள் கல்லிலும் மணலிலும் வந்து குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே இருக்கக் கூடாது. "காலித் தொட்டியை ஒண்ணரை மாசம் உக்காந்து பாத்துட்டே இருந்தாரு இவரு" என்றார் மதினி, டீயை நீட்டியபடி.

மண்பானை டெக்னிக்

அடுத்த பிரச்னை, நம் ஊர் வெயில். இந்த மீனுக்கு 25-லிருந்து 28 டிகிரி வரை சௌகரியம். சித்திரையில் ராஜபாளையம் ஹால் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். தொட்டியைக் குளிர வைக்கிற மெஷின் விற்கிறது. விலையைக் கேட்டால் நாம் குளிர்ந்துவிடுவோம்! அண்ணாச்சி செய்தது சிம்பிள். தொட்டி விளிம்பில் சின்னதாக ரெண்டு ஃபேன், தண்ணீரின் மேல் காற்று வீசுகிற மாதிரி.

மண்பானை தத்துவம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதை அந்தத் தண்ணீரிடம் இருந்தே எடுத்துக்கொள்ளும். கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். வெளியில் இருந்து சூடு ஏறாமல் இருந்தால், ஒரு லிட்டர் ஆவியாவது 120 லிட்டர் கடலை ஏறக்குறைய 5 டிகிரி இறக்கும்! தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்கள் ஒரு நடை வந்து இந்தத் தொட்டியைக் கும்பிட்டுப் போகலாம்.

ஆனால், இங்கேதான் சூட்சுமம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பு உள்ளேயே நிற்கும். கோடையில் தினம் ரெண்டு லிட்டர் போகிறது. ஒரு வாரம் கண்டுகொள்ளாமல் விட்டால் 120 லிட்டர் 106 ஆகிவிடும். லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 39.6 கிராம் ஆகிவிடும். மீன் இருந்த இடத்திலேயே இருக்கும், கடல் மட்டும் மாறிப் போயிருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு தினமும் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது.

தொட்டியின் கண்ணாடியில் ஒரு மார்க்கர் கோடு. தண்ணீர் எப்போதும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். ஊற்றுகிற தண்ணீர்? ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் இருந்து ஊருக்கு வருகிற மலைத் தண்ணீர்தான். ஆர்.ஓ. மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து ஊற்றுகிறார். யோசித்துப் பாருங்கள், இந்தக் கடலை உயிரோடு வைத்திருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை!

பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி இதை எப்போதோ சொல்லிவிட்டாள். திருப்பாவையின் நாலாவது பாட்டில், மழையைப் பார்த்து, கடலுக்குள் புகுந்து நீரை முகந்துகொண்டு மேலேறிப் பெய்யச் சொல்கிறாள் ஆண்டாள். கடலில் இருந்து ஏறுவது நல்ல தண்ணீர், உப்பு கடலிலேயே தங்கிவிடும். மலையில் பெய்து திரும்பக் கடலுக்கே போகும். மழையும் ஆறும் சேர்ந்து செய்கிற அந்த வேலையைத்தான், ராஜபாளையத்தில் ஒரு மனுஷர் காலையில் ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் பிளாஸ்டிக் ஜக்கோடு செய்கிறார்.

"கடலை வீட்டுக்குக் கொண்டு வர்றது பெரிசில்ல தம்பி. அதைக் கடலாவே வச்சிருக்கதுதான் வேலை" என்றார்.

ஒற்றை மீன்

அதற்குள் எனக்கு ஒரு சந்தேகம். ஜோடியாகத்தானே இருக்கும் இது? ஏன் ஒன்று மட்டும்?

டீ கிளாஸைக் கீழே வைத்தார் அண்ணாச்சி. "ரெண்டு இருந்துச்சு. பெரிசு போன மே மாசம் போயிருச்சு."

நடுராத்திரி கரன்ட் போயிருக்கிறது. இவர் நைட் ஷிஃப்ட். மதினி ஊருக்குப் போயிருந்தார். பேட்டரி ஏர் பம்ப் ஆறு மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. ஒரே அளவு சூட்டில், நல்ல தண்ணீரைவிடக் கடல் நீரில் கரைகிற ஆக்ஸிஜன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏற ஏற இன்னும் குறையும். மோட்டார் ஓடித் தண்ணீரைக் கலக்கினால்தான் மூச்சு. மே மாதம், மூடின வீடு, நின்றுபோன மோட்டார். காலையில் இவர் வந்து பார்த்தபோது பெரியது தரையில் கிடந்திருக்கிறது. சின்னது மேல்மட்டத்தில் வாயைத் திறந்தபடி மிச்சம் இருந்தது. "2012-ல நாளைக்குப் பத்து மணி நேரம், அதுக்கும் மேலன்னு கரன்ட் போன காலத்தையே தாக்குப் பிடிச்ச தொட்டி தம்பி இது. ஒரு ராத்திரில விட்டுட்டேன்" என்றார். பெரியதுக்கு அப்போது வயது ஒன்பது.

ஒன்பது வயசா! இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். நம் கோர்ஸ் நாலு வருஷம்!

இன்னொரு ஷாக்கும் காத்திருந்தது. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. ஒரு சாமந்தியில் ஒரு கூட்டம் இருந்தால் அதில் ஆகப் பெரியது பெண். அடுத்த சைஸ் அதன் கணவன். மற்றதெல்லாம் வரிசையில் காத்திருக்கிற சின்னப் பசங்க. பெண் செத்துப்போனால்? கணவன் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறிவிடும்! வரிசையில் அடுத்தது கணவனாக பிரமோஷன் வாங்கும். படத்தில் அம்மா மீன் செத்த பிற்பாடு நீமோவின் அப்பா மகனைத் தேடிப் புறப்படுகிறதே, நிஜத்தில் அது அம்மாவாகியிருக்க வேண்டும்.

அதாவது, என்னை முறைத்துக்கொண்டிருந்த இந்த 'மாப்பிள்ளை' இப்போது பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறது.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி முட்டை போட்டுச்சு, இந்த மண்சட்டில. ஆரஞ்சு கலர்ல பாசி மணி ஒட்டின மாதிரி. அந்தப் பெரிசு ஜம்முனு சுத்தும். இவன்தான் ராத்திரி பகல் பாக்காம துடுப்பால விசிறிட்டே இருப்பான். எட்டாம் நாள் ராத்திரி, லைட்ட அணைச்சதும் பொரிஞ்சுது தம்பி. கண்ணு மட்டும் தெரியற நூறு, இருநூறு தூசி. மூணு நாள்ல எல்லாம் போயிருச்சு."

குஞ்சின் வாய்க்குள் போகிற அளவுக்கு உணவு கிடையாது. அதுதான் காரணம். ரோட்டிஃபர் என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிரியை வளர்க்க வேண்டும். அந்த ரோட்டிஃபருக்குத் தீனியாக நுண்பாசியைத் தனியே வளர்க்க வேண்டும். குஞ்சு கொஞ்சம் பெரிதானதும் ஆர்டீமியா. ரெண்டு வாரம் தாண்டினால்தான் பட்டை விழுந்து மீன் மாதிரி ஆகும். வீட்டு ஹாலில் சிரமம். ஆனால், நடக்காத காரியம் இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், சுருக்கமாக சி.எம்.எஃப்.ஆர்.ஐ., மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் இருக்கிற தன் மையங்களில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் செய்திருக்கிறது.

மண்டபம்! 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரை, மண்டபமும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரே மாவட்டம். நம் தாத்தா காலத்தில் நமக்கும் கடல் இருந்திருக்கிறது பாஸ்!

அப்பன் ஆத்தா யாரு?

அந்தப் பழைய பங்காளிக் கடலின் இன்றைய நிலவரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் இருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. ஆனாலும் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற ரெண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பவளத்தை வருஷக்கணக்கில் வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் போனது முக்கிய காரணம். 2010-லும் 2016-லும் கடல் சூடேறியதில் மிச்சமிருந்த பவளங்களும் ஏராளமாக வெளுத்தன. அண்ணாச்சி வீட்டில் ரெண்டு டிகிரி ஏறினால் ஃபேன் போடலாம். அந்தக் கடலுக்கு யார் ஃபேன் போடுவது?

மேலே மலையில் சாம்பல் நிற அணிலைக் காப்பாற்றுகிற அதே 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம்தான் கடலுக்கு அடியிலும் காவல் நிற்கிறது. பவளங்கள், கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் 2001-லேயே பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டன. 'டேங்குக்கு அழகா இருக்கும் சார்' என்று யாராவது பவளத் துண்டையோ கடல் குதிரையையோ நீட்டினால், அது அழகு இல்லை. கேஸு!

மீன் விஷயம் இன்னும் நுணுக்கம். கப்பி, கோல்டு ஃபிஷ் எல்லாம் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. ஆனால், உலகம் முழுக்கத் தொட்டிகளில் மினுக்குகிற கடல் மீன்களில் பெரும்பாலானவை நேரே பவளத்திட்டில் பிடித்தவை. பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா பக்கம் சயனைடு தண்ணீரைப் பீய்ச்சி, மீனை மயக்கிப் பிடிக்கிற கொடுமைகூட உண்டு. மீன் மயங்கும், பக்கத்தில் இருக்கிற பவளம் சாகும். படத்தில் டோரியாக வந்த நீல மீனைத் தொட்டியில் பிறக்க வைப்பதற்குள் விஞ்ஞானிகளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 2016-ல்தான் முதல் வெற்றி. நம் நாட்டிலும் 2017 மே மாதம், கோமாளி மீன் உள்பட 158 வகை மீன்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் மத்திய அரசு தடை போட்டது. வியாபாரிகள் கொதித்தார்கள். அப்புறம் அந்த விதிகள் வாபஸ் ஆகிவிட்டன. ஆக, எதை வாங்குவது என்கிற முடிவு இப்போது வாங்குகிறவன் மனசில் இருக்கிறது.

அந்த மனசுக்கு ஒரு பரீட்சை ஜூன் மாதமே வந்தது அண்ணாச்சிக்கு. வெளியூர் வியாபாரி ஒருத்தர் போன் பண்ணியிருக்கிறார். "கடல்ல பிடிச்ச பெரிய மீன் இருக்கு. பண்ணை மீன் விலையில பாதி. நாளைக்கே பஸ்ல போட்டு விடறேன்."

"பாதி விலை, நாளைக்கே. ஆசையா இருந்துச்சு தம்பி, பொய் சொல்லல. ஒத்தையா இவன் மண்சட்டி வாசல்லயே கெடக்கான், பாக்க முடியல" என்றவர், எழுந்து போய்த் தொட்டிப் பக்கம் நின்றார். "ஆனா, கடல்ல பெரிசு ஒண்ணைப் பிடிச்சா, அது அனேகமா பொம்பளையாத்தான் இருக்கும். அங்க ஒரு குடும்பமே கலைஞ்சு போகும். என் வீட்ல ஒண்ணு போனதுக்கு அங்க எதுக்கு ஒரு சாமந்தியக் காலி பண்ணணும்?"

அப்புறம் ஒன்று சொன்னார். இந்த ஊர்க்காரர் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும்.

"நம்ம ஊர்ல நாய்க்குட்டி வாங்க வர்றவன் முதல்ல என்ன கேப்பான்? அப்பன் யாரு, ஆத்தா யாரு, எந்த வீட்ல பொறந்துச்சு? ரெண்டையும் கண்ணால பாத்துட்டுத்தான் காசை எடுப்பான். மீனுக்கும் அதே கேள்விதான் தம்பி. எங்க பொறந்துச்சுன்னு சொல்லத் தெரியாதவன்ட்ட நான் வாங்கறதில்ல."

2005-ல் தபால் தலையே வாங்கிய நாய் அது. அந்த வம்சம் இன்று வரை நிற்பதற்குக் காரணமே இந்தக் கேள்விதான். காட்டில் பிடித்து வந்து விற்றிருந்தால் என்றைக்கோ தீர்ந்திருக்கும். மீனுக்கும் அதேதான். பண்ணையில் பிறந்த குஞ்சை வாங்க ஆள் இருந்தால்தான் பண்ணை நடக்கும். கடலோரத்தில் நாலு பேருக்கு அந்தத் தொழில் அமையும். பவளத்திட்டில் ஒரு வலை குறையும். பாதி விலைக்கு ஆசைப்பட்டால், மீதிப் பாதியைக் கடல் கட்டும்.

ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் அண்ணாச்சி. அடுத்த பேட்ச் விற்கிற சைஸுக்கு வர இன்னும் சில மாதம் ஆகும். வருவது பொடிசு. பெண்ணாகிக்கொண்டிருக்கிற இந்தப் பழைய மாப்பிள்ளைக்கு அதுதான் புது மாப்பிள்ளை. அதுவரை ஒற்றை மீன்தான். அதற்கும் அதே ஜக், அதே கோடு, அதே கரன்ட் பில்.

ஹாஸ்டலுக்கு வந்து மூணாவது மாடியில் ரிப்போர்ட் வாசித்தேன். உப்புக் கணக்கில் ஒருத்தன் தூங்கிப் போனான். ஆண் பெண்ணாகிற மேட்டரில் எழுந்துவிட்டான். 'பத்து வருஷம்' என்றதும் மட்டும் ரூமில் சத்தமே இல்லை.

"நாம பாஸ் அவுட் ஆனதும் யாரு பாப்பா?" என்றான் வசூல்காரன்.

"சம்மர் லீவ்ல யாருடா தண்ணி ஊத்துவா?" இது இன்னொருத்தன்.

யாரிடமும் பதில் இல்லை. வசூல் பணம் அவரவரிடம் திரும்பியது. ஒருத்தன் மட்டும் கேட்டான், "அண்ணாச்சி ஊருக்குப் போனா என்ன பண்ணுவாரு?"

போன மாதம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு நாலு நாள் வெளியூர் போனார் அண்ணாச்சி. ஒன்பது வருஷத்தில் மதினியும் அவரும் சேர்ந்து ஊருக்குப் போனது இதுதான் முதல் தடவையாம். அந்த நாலு நாளும் சாயங்காலம் காலேஜ் விட்டதும் ரெண்டு ரெண்டு பேராக ராஜபாளையம் பஸ் ஏறினோம். சாவி பக்கத்து வீட்டில். காலியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர், பட்டாணி அளவு தீனி, பேட்டரி பம்ப்பில் சார்ஜ் இருக்கிறதா என்று ஒரு செக். வேலை பத்து நிமிஷம். வேடிக்கை ஒரு மணி நேரம்!

வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பும் ஆரம்பித்தாயிற்று. பெயர் 'ரெண்டரை அடி'. குட்டி மாப்பிள்ளை எந்த பஸ்ஸில் வந்தாலும் வரட்டும். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பாக்கெட்டை யார் வாங்குவது என்பதில்தான் இப்போது சண்டை.